பனிமலையின் தபால்காரப் பிரசங்கியார்



பனிமலை ஊழியம் என்றாலே நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருகிறவர் சாது சுந்தர் சிங். இமயமலைக் கணவாய்களைத் தாண்டி திபெத்துக்குப் போய் வந்தவர், 1929-ல் போனவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய சரித்திரம் நம்முடைய ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த மாதம் நாம் பார்க்கப்போகிறவர் வேறொருவர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நன்றாய் அறியப்பட்டவர். நம்ம பக்கத்தில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். அவர் பெயர் ஜான் லூயிஸ் டையர். மெதடிஸ்ட் பிரசங்கியார்தான், ஆனாலும் சுரங்கத் தொழிலாளிகள் பாசத்தோடு அவரை ஃபாதர் டையர் என்றே கூப்பிட்டார்கள்.

1812-ம் வருஷம் மார்ச் 16-ம் தேதி ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். வாலிபத்தில் கலியாணம், பிறகு விஸ்கான்சினில் ஈயச் சுரங்கத்தில் வேலை. 1847-ல் மனைவி மரித்துப்போனார். தாயில்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பாடுகளின் நடுவில்தான் ஊழிய அழைப்புக்குக் கீழ்ப்படிந்தார். விஸ்கான்சின், மினசோட்டா என்று கிராமம் கிராமமாய்ப் பிரசங்கித்தார்.

1861-ல் அவருக்கு வயது 49. கண் பார்வை மங்க ஆரம்பித்துவிட்டது. முழுசாய்க் குருடாகிறதற்குள் மேற்கே இருக்கிற பெரிய மலைகளை ஒருதரம் பார்த்துவிடவேண்டும் என்று ஆசை. அவருடைய மகன் இலாயஸ் அங்கே தங்கச் சுரங்க முகாமில் இருந்தார். கையில் பதினைந்து டாலர்கூட இல்லை. இருந்த குதிரையும் வழியில் நடக்கமாட்டாமல் போயிற்று. ஒமாஹா பட்டணத்திலிருந்து வண்டிக்காரர்களோடு சேர்ந்து ஏறக்குறைய 600 மைல் நடந்தே டென்வருக்கு வந்தார்! அங்கிருந்து இன்னும் நூறு மைல் மலைக்குள்ளே நடந்து பக்ஸ்கின் ஜோ என்ற சுரங்க முகாமை அடைந்தார். சரீரம் தளர்ந்தது, கண்ணோ, ஆச்சரியமாய், அவர் பயந்தபடி கெட்டுப்போகவில்லை. மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வந்தவர், அங்கேயே நாற்பது வருஷம் இருந்துவிட்டார்.

அந்த முகாம்கள் எப்படிப்பட்ட இடங்கள்? மரக்குடிசைகள், சாராயக் கடைகள், சூதாட்ட மேசைகள். ஞாயிற்றுக்கிழமை என்றால் குடிக்கிற நாள். டையர் ஐயா அங்கே போய் தெருவில் நின்று பாட்டுப் பாடி, கூட்டம் சேர்ந்தவுடன் பிரசங்கம் பண்ணுவார். காணிக்கை சொற்பம். சாப்பாட்டுச் சாமான்களின் விலையோ ஆகாசத்தில். கூலி வேலை செய்து, தங்கம் அலசி, தன் கையால் பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தார்.

குளிர்காலம் வந்தது. அங்கேதான் நம்முடைய கதை ஆரம்பிக்கிறது.

நமக்குப் பனி என்றால் மார்கழி மாசத்துப் பனி. காலையில் துண்டு போட்டால் தீர்ந்தது. கொலராடோ மலைகளில் நவம்பர் தொடங்கி மே வரைக்கும் தரையையே பார்க்கமுடியாது. சில இடங்களில் ஆளை மூன்று மடங்கு மூடும் ஆழத்துக்குப் பனி குவியும். குதிரை இறங்காது, கழுதை இறங்காது. நடந்தால் இடுப்புவரைக்கும் புதைந்துபோவீர்கள். ஆகவே டையர் ஐயா நார்வே நாட்டு மாதிரியில், 9 முதல் 11 அடி நீளமுள்ள மரப்பலகைகளைத் தானே செதுக்கி, கால்களில் கட்டிக்கொண்டு, கையில் ஒரு நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு பனிமேல் சறுக்கிப் போகக் கற்றுக்கொண்டார். இன்றைக்கு ஸ்கீ என்று விளையாடுகிறார்களே, அதன் பழைய வடிவம். ஐம்பது வயதில் கற்றுக்கொண்டார். நம்மில் சிலர் ஐம்பது வயதில் ஜெபக்கூட்டத்துக்கு மாடிப்படி ஏற யோசிக்கிறோம்.

1864-ம் வருஷக் குளிர்காலத்தில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. பக்ஸ்கின் ஜோவிலிருந்து கேஷ் கிரீக் என்ற இடத்துக்கு வாரம் ஒருமுறை தபால் சுமந்து போகவேண்டும். ஒரு வழி தூரம் 37 மைல். வாரத்துக்கு 18 டாலர் கூலி. பாதையின் நடுவில் மஸ்கீட்டோ கணவாய். பெயர் கொசுவின் பெயர்தான். உயரமோ 13,185 அடி, நம்ம தொட்டபெட்டாவைவிட ஒன்றரை மடங்கு. முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ தபால் பை. சில சமயம் சுரங்கக்காரர்கள் கொடுத்தனுப்புகிற தங்கப் பொடி. போகிற வழியிலிருந்த முகாம்களில் வாரத்துக்கு மூன்று பிரசங்கம். சம்பளத்துக்குத் தபால், சம்பளம் இல்லாமல் சுவிசேஷம்.

இப்போது நீங்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. இவர் பெரும்பாலும் ராத்திரியில்தான் கணவாயைத் தாண்டினார். ஏன் ராத்திரியில்? பேய்க்குளிர், கும்மிருட்டு, ஓநாய் ஊளையிடுகிற மலை. பகலில் சூரியன் அடிக்கும்போது போனால் சுகமாயிராதா?

இராது. பகல் வெயிலில் பனியின் மேற்பரப்பு இளகி, கூழ்மாதிரி ஆகிவிடும். பலகையும் தாங்காது, ஆளும் புதைவார். ராத்திரியில் அதே பனி இறுகி, மேலே பொருக்குக் கட்டி, தார்ரோடு மாதிரி ஆகிவிடும். அதன்மேல் வேகமாய்ப் போகலாம். டையர் ஐயாவின் கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த எளிய கணக்கில் அவர் அறிந்ததைவிட அதிகப் பாதுகாப்பு இருந்தது. வெயிலில் தண்ணீர் ஊறிக் கனத்துப்போன பனி, செங்குத்தான சரிவுகளிலிருந்து அப்படியே பெயர்ந்து விழும். ஈரப் பனிச்சரிவு என்று சொல்லுவார்கள். ஆகவே வசந்தகாலத்தில் மலையேறுகிறவர்களுக்கு இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிற சட்டம் இதுதான்: விடியுமுன் புறப்படு, பனி இளகுமுன் சரிவை விட்டு வெளியே வா. மத்தியானம் ஆகிவிட்டால் பாதி வழியில் இருந்தாலும் திரும்பிவிடு.

இங்கே சில விசுவாசிகளுக்கு ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. தேவனுடைய மனுஷனுக்கு நேரம் காலம் எதற்கு? கர்த்தர் பார்த்துக்கொள்ளமாட்டாரா? தேவாலயத்து உப்பரிகையில் நின்ற நம்முடைய ஆண்டவருக்குப் பிசாசு சொன்ன யோசனையும் ஏறக்குறைய இதுதான் என்பதை நாம் மறந்துபோகிறோம். பல வருஷங்களுக்கு முன்னே ஒரு கார்த்திகை மாதம், முழு இரவு ஜெபத்துக்குப் போகிறோம் என்ற வைராக்கியத்தில், வெள்ளம் ஓடுகிற தரைப்பாலத்தில் நாங்கள் வேனை இறக்கினோம். ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர் வேண்டாம் தம்பி, வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவர் விசுவாசி இல்லை, ஆகவே நாங்கள் கேட்கவில்லை. நடுப்பாலத்தில் வண்டி நின்றுபோய், கயிறு கட்டி எங்களை இழுத்துக் கரை சேர்த்ததும் அதே பெரியவரும் அவர் ஊர்க்காரர்களும்தான். அன்றைக்கு எங்களுக்கு இருந்தது விசுவாசமா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாய்ச் சொல்லமுடியவில்லை.

டையர் ஐயாவும் எப்போதும் தப்பாமல் கணக்குப் போட்டவர் அல்ல. ஒருமுறை மலை உச்சியில் பயங்கரமான பனிப்புயலில் சிக்கிக்கொண்டார். காற்று பனியை வாரி முகத்தில் அடிக்கிறது. முன்னே தெரியவில்லை, பின்னே தெரியவில்லை. நின்றால் உறைந்து சாகவேண்டும். வேறு வழியில்லாமல், கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாத சரிவில் ஜெபித்துக்கொண்டு சறுக்கி இறங்கினார். எப்படியோ மரங்கள் இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். உயிர் தப்பியது. பாதங்கள் குளிரில் உறைந்துபோயின. அதற்காக அவர் வேதனைப்படவேண்டியதாயிருந்தது. ஆனாலும் குணமானபின் மறுபடி தபால் பையைத் தூக்கினார்.

இன்றைக்குப் பனியைப்பற்றி ஆராய்ந்து படித்தவர்கள் இந்தச் சம்பவத்தைக் கேட்டால் தலையை ஆட்டுவார்கள். ஏன் தெரியுமா? புயல் காற்று மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுபோய், உச்சிக்கு அந்தப் பக்கம், காற்று படாத சரிவில் கொட்டுகிறது. அங்கே சில மணி நேரத்துக்குள் ஒரு பெரிய பனிப்பாளம் ஏறிவிடும். புதுப் பாரம், சரியாய்ப் பிடிப்பு இல்லாத பாரம். ஒரு மனுஷனுடைய எடை போதும், பாளம் விரிசல் விட்டு மொத்தமாய்க் கிளம்பிவிடும். ஐயா இறங்கின சரிவு அன்றைக்குக் கிளம்பவில்லை. அதை நான் அவருடைய திறமை என்று எழுதமாட்டேன். சுத்தக் கிருபை.

கொலராடோ மலைகளின் பனியில் இன்னொரு மோசமும் உண்டு. அங்கே குளிர்காலத் தொடக்கத்தில் பனி கொஞ்சமாய் விழுந்து, வானம் தெளிந்து, கடுங்குளிர் அடிக்கும். கீழே பூமி அதைவிடச் சூடு. இந்த வித்தியாசத்தால் அடியில் கிடக்கிற பனி உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டாத சீனி மாதிரி ஆகிவிடுகிறது. பிற்பாடு விழுகிற பனியெல்லாம் அதன்மேல் பாளம் பாளமாய் ஏறி உட்காரும். சகோதரிகள் சமையலறையில் பார்க்கலாம்: ஒரு தட்டில் சீனியைத் தூவி, மேலே ஒரு பலகையை வைத்து, தட்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கொஞ்சம் சாய்த்தால் நிற்கும். இன்னும் சாய்த்தால் ஒரு நொடியில் முழுப்பலகையும் வழுக்கிவிடும். மலையிலும் அப்படித்தான். 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலான சாவுகள் நடக்கின்றன. அதற்குக் குறைந்த சாய்வில் பாளம் சாதாரணமாய் நகராது. ரொம்பச் செங்குத்தாய் இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். ஏறுகிறவனுக்கும் சறுக்குகிறவனுக்கும் ஆசைகாட்டுகிற சரிவுதான் ஆபத்தான சரிவு!

இந்தச் சீனி அடுக்குக்கு ராத்திரி என்றும் பகல் என்றும் இல்லை. நடுக்குளிர்காலத்தில் எந்த நேரமும் அது காத்துக்கொண்டிருக்கும். பனிமேல் நடக்கும்போது காலுக்குக் கீழே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டால், கண்ணுக்கு முன்னே விரிசல் ஓடினால், உள்ளே அந்த அடுக்கு இடிகிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு அடி எடுத்துவைக்கக்கூடாது. வந்த சுவட்டிலேயே திரும்பவேண்டும். பனிச்சரிவில் அகப்பட்டு மரிக்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ, கூட வந்தவர்களோதான். வானத்திலிருந்து தானாய் விழுந்த ஆபத்து குறைவு.

ஐயா தபால் கொண்டுபோன பாதை முடிகிற கேஷ் கிரீக்குக்குப் பக்கத்தில் ட்வின் லேக்ஸ் என்று ஒரு சின்னக் கிராமம். 1962-ம் வருஷம் ஜனவரி 21-ம் தேதி மேலேயிருந்து இறங்கின பனிச்சரிவு வீடுகளை நொறுக்கி ஏழு பேரைக் கொன்றுபோட்டது. அவர்கள் மலையேறப் போனவர்கள் அல்ல, தங்கள் வீட்டில் இருந்தவர்கள். டெல்யூரைடு பட்டணத்துக்கு மேலே லிபர்ட்டி பெல் என்ற சுரங்கத்தில் 1902 பிப்ரவரியில் நடந்தது இன்னும் கொடுமை. முதல் சரிவில் புதைந்தவர்களைத் தோண்டி எடுக்க ஓடினவர்கள்மேல் இரண்டாவது சரிவு வந்தது. அங்கேயிருந்து திரும்பினவர்கள்மேல் மூன்றாவது.

அறிவும் சாதனமும் இருந்தால் போதுமா? 2013 ஏப்ரல் 20-ம் தேதி லவ்லண்ட் கணவாய்ப் பக்கத்தில், ஷீப் கிரீக் என்ற ஓடைக்கு மேலே, ஆறு பேர் போனார்கள். எல்லாரும் அனுபவசாலிகள். புதைந்தாலும் கண்டுபிடிக்கிற ரேடியோ கருவி அவர்களிடம் இருந்தது. அன்றைய தினம் அங்கே கூடினதே பனிச்சரிவுப் பாதுகாப்பைப்பற்றிய நிகழ்ச்சிக்காகத்தான். அன்றைய எச்சரிக்கை அறிக்கையையும் வாசித்திருந்தார்கள். ஆபத்தான சரிவின் அடியைச் சீக்கிரமாய்க் கடந்து பத்திரமான இடத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தார்கள். கடக்கும்போதே சரிவு கிளம்பி ஆறு பேரையும் மூடியது. ஐந்து பேர் மரித்தார்கள். ஆறு பேரும் ஒரே சரிவின் கீழ் இருந்ததால் உடனே தோண்ட ஆளில்லை. புதைந்தவனைப் பத்து நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரை மணி நேரமானால் மூன்றில் ஒருவர்தான். போலீஸும் ஹெலிகாப்டரும் வருகிறதற்குள் காலம் முடிந்துவிடும். கூட வந்தவன்தான் மீட்பன். ஆகவேதான் இப்படிப்பட்ட சரிவில் ஒருவர் பின் ஒருவராய், தனித்தனியே கடக்கவேண்டும், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று போதிக்கிறார்கள். ஒருவர் கருவி, ஒருவர் மண்வாரி என்று பங்கு போடுகிறதும் கூடாது; ஒவ்வொருவரிடமும் கருவியும், குத்திப் பார்க்கிற நீளக் கம்பும், மண்வாரியும் இருக்கவேண்டும்.

டையர் ஐயாவுக்கு இதொன்றும் இல்லை. தன்னந்தனியாய்ப் போனார். விழுந்திருந்தால் தோண்ட ஒருவரும் இல்லை. இன்றைக்கு ஒரு வாலிபன் அவரைப்போல நானும் தனியாய்ப் போகிறேன் என்று சொன்னால் நான் ஜெபித்து அனுப்பமாட்டேன், உட்கார வைத்துப் பேசுவேன்.

அந்த ஒரு குளிர்காலத்துக்குப் பிறகும் அவருடைய ஊழியம் நீண்டது. 1868 வாக்கில் நியூ மெக்சிகோ பகுதிக்கு அனுப்பப்பட்டு, குதிரைமேல் ஆயிரக்கணக்கான மைல் சுற்றினார். 1870-ல் மறுவிவாகம் செய்தார். பனியில் வராத மரணம் 1875-ல் வேறு விதமாய் அவர் வீட்டுக்கு வந்தது. மகன் இலாயஸ் அப்போது லேக் கவுன்டியில் நீதிபதி. அந்தப் பகுதியில் இரண்டு கூட்டத்தாருக்குள் கொலையும் பழிவாங்கலுமாய் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. மிரட்டலுக்குப் பயப்படாமல் இலாயஸ் பிடிவாரண்ட் கொடுத்தார். ஜூலை 3-ம் தேதி கிரானைட் ஊரில் அவரை நீதிமன்றத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. கிரானைட் எங்கே இருக்கிறது? கேஷ் கிரீக்குக்குப் பக்கத்தில். தகப்பன் முதுகில் தபால் சுமந்து எத்தனை ராத்திரி வந்துசேர்ந்த இடம்! அந்தக் கிழவரின் மனசு என்னவாய் இருந்திருக்கும் என்று எழுத எனக்கு வார்த்தையில்லை. அதற்குப் பின்பும் அதே மலைகளில் அவர் பிரசங்கித்தார் என்பது மட்டும் தெரிகிறது.

1880-ல் பிரெக்கன்ரிட்ஜ் ஊரில் ஒரு ஆலயம் கட்டினார். மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் முதலாவது எழும்பின புராட்டஸ்டண்ட் ஆலயங்களில் ஒன்று. இப்போதும் அவர் பெயரிலேயே ஆராதனை நடக்கிறது. 1890-ல் தன் ஜீவிய சரித்திரத்தைத் தானே எழுதிப் புத்தகமாக வெளியிட்டார்; தபால் நாட்களின் விவரமெல்லாம் அதில்தான் கிடைக்கிறது. 1901-ம் வருஷம் ஜூன் 16-ம் தேதி, 89-ம் வயதில், டென்வரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கட்டிலில் படுத்து மரித்தார், பனியில் அல்ல. காசில் ராக் ஊரில் அவருடைய கல்லறை இருக்கிறது.

கொலராடோ தலைமைச் செயலகத்தின் கோபுரக் கூண்டில், மாநிலத்தை உண்டாக்கின பதினாறு பேருடைய உருவங்களை வண்ணக் கண்ணாடியில் பதித்திருக்கிறார்கள். தங்க முதலாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் டையர் ஐயாவும் இருக்கிறார். பிரெக்கன்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு சிகரத்துக்கும் அவர் பெயர். மஸ்கீட்டோ கணவாயின் உச்சியில் அவருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. அதைப் பார்க்கப் போகிறவர்கள் கோடைகாலத்தில்தான் போகிறார்கள். குளிர்காலம் முழுவதும் பனி அந்தப் பாதையை மூடிவிடுகிறது; ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகவேண்டும், ஜீப் ஏறுகிறதற்கு.